நடு அறை பிளக்

வியாழக்கிழமை மாலை நாலரை மணிக்கு மூன்றாவதாக வாங்கிய நெட் பெட்டியும் காலை வாரிவிட்டது. பின்னறை மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, நிறுவனத்தின் சோதனைப் பக்கத்தில் கையை உயர்த்திச் சைகை காட்டிக்கொண்டிருந்தாள் அவள். நாம் காட்டியதை அந்தப் பக்கம் திருப்பிக் காட்டும். அவள் "அறுவைச் சிகிச்சை" என்று காட்டினாள். திரையில் அவளுடைய கை நெஞ்சுக்கு எதிரே பாதியில் நின்றது. வாய் திறந்தபடி, ஒரு கண் மூடியபடி, பார்க்கச் சகிக்காத முகம் ஒன்று அவளையே வெறித்தது.

"செத்துத் தொலை" என்றாள். பெட்டியைத்தான் சொன்னாள்.

அவள் சைகைமொழி பெயர்ப்பாளர். காது கேளாத ஒருவர் மருத்துவமனைக்கோ வங்கிக்கோ போனால், அங்கே மேசையில் ஒரு திரை வைத்திருப்பார்கள். அந்தத் திரைக்குள் அவள் வருவாள். எதிரே இருப்பவர் வாயால் சொல்வதைக் கையால் சொல்வாள், கையால் சொல்வதை வாயால் சொல்வாள். பதினோரு வருடமாக அதற்கென்று இருந்த மையத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். ஐந்து வாரத்துக்கு முன்பு மையத்தை இழுத்து மூடிவிட்டு, இனி எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏதோ பெரிய சலுகை கொடுப்பது போலத்தான் சொன்னார்கள்.

அந்த ஐந்து வாரத்தில் அவளுடைய அழைப்பு இரண்டு முறை நடுவில் அறுந்திருக்கிறது. குரல் என்றால் கொஞ்சம் கரகரத்தாலும் ஒப்பேற்றிவிடலாம். சைகையில் படம் நின்றால் பேச்சே நின்றுவிடும். இரண்டாவது முறை அறுந்தபோது கண்காணிப்பாளர் அம்மாள் போன் செய்து, குரலை உயர்த்தாமல், "மூணாவது தடவை ஆச்சுன்னா ஒரு வருஷத்துக்கு உங்க பேரு பட்டியல்ல இருக்காதும்மா. ரூல் அப்படி. என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லியிருந்தார். நாளை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு மருத்துவமனை அழைப்பு இருக்கிறது. ஆறு வயதுக் குழந்தைக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை. அம்மாவுக்குக் காது கேட்காது. மருத்துவர் எல்லாவற்றையும் விளக்கி, அம்மா புரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டும்.

வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிடலாம். அவளுக்கு இதைத் தவிர வேறொன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

வீடு என்னவோ எளிமையான வீடுதான். முன்னால் ஒரு கூடம், நடுவில் ஓர் அறை, பின்னால் ஓர் அறை. மூன்றும் ஒரே வரிசை. பக்கவாட்டில் தெருவாசலிலிருந்து பின்கோடி வரை ஒரு நடைவழி, மூன்று அறைக்கும் கதவு அதில்தான். அதன் முடிவில் சமையலறை. மாமனார் கட்டிய காலத்தில் என்ன படை வந்து மோதும் என்று நினைத்தாரோ, சுவர் ஒவ்வொன்றும் ஒரு முழம். அதுவும் கருங்கல். நெட் கம்பி தெருவிலிருந்து கூடத்துக்குள் வந்து அங்கேயே ரவுட்டரில் முடிகிறது. கூடத்தில் உட்கார்ந்தால் படம் பிசிறில்லாமல் ஓடும். ஆனால் அழைப்பு நடக்கும் அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, கதவு சாத்தியிருக்க வேண்டும், பின்னால் வெறும் சுவராக இருக்க வேண்டும். கூடமோ நாலு பேர் வந்து போகிற இடம். போனில் இருக்கும் நெட்டை வைத்துச் சமாளிக்கலாமென்றால், பின்னறையில் போன் சிக்னல் ஒரு கோடு வரும், அதுவும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால்.

இதற்கெல்லாம் வழி கண்டுபிடிக்கும் பொறுப்பை அவளுடைய கணவன் ஏற்றுக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். எதையும் அளந்து பார்த்து, கட்டம் போட்டு எழுதி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு குண்டூசிகூட வாங்க மாட்டான். வீட்டில் அவனுக்குப் பட்டியல் என்றே பெயர். அவனுடைய அக்கா வைத்த பெயர் அது. நெட்டுக்கென்று ஒரு தனி நோட்டுப் போட்டிருந்தான். ஒரு பக்கம் பெட்டியின் வகை, அடுத்து வேகம், அடுத்து தூரம், கடைசியில் 'தொந்தரவு' என்று ஒரு கட்டம். அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் வினையே இருந்தது.

முதல் வாரம் அவன் வாங்கி வந்தது, ரவுட்டரின் சிக்னலை வாங்கி அடுத்த அறைக்கு அனுப்பும், சுவர் பிளக்கில் நேராகச் செருகும் சின்ன ரிப்பீட்டர். வெள்ளையாக, சோப்புக்கட்டி அளவில் இருந்தது. பின்னறையில் சிக்னல் இல்லை, ஆகவே பின்னறையில் செருகினான். உடனே போனில் எல்லாக் கோடுகளும் நிரம்பிவிட்டன.

"பாத்தியா, ஃபுல்லு" என்றான், பரீட்சையில் தேறியவன் போல.

கோடு நிரம்பியது உண்மை. படம்தான் வரவில்லை. அந்தச் சின்னப் பெட்டிக்கும் அவளுக்கும் இடையே சிக்னல் அமோகம், பெட்டிக்கும் ரவுட்டருக்கும் இடையேதான் ஒன்றுமே இல்லை. அதை நம்பி உட்கார்ந்த இரண்டாம் நாளில் முதல் அழைப்பு அறுந்தது. ஒரு பெரியவர், ஓய்வூதியம் நின்றுபோனது ஏன் என்று கேட்கக் கையைத் தூக்கினார். தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. திரும்ப இணைக்க முடியவில்லை.

மூன்றாம் வாரத்தில் ஒரு பழைய ரவுட்டரை நண்பனிடமிருந்து வாங்கி வந்து, ஒரு ஞாயிறு முழுக்கக் கணினியில் குடைந்து, அதை ரிப்பீட்டராக மாற்றினான். இரண்டு கொம்பு வைத்த பெட்டி. அதைச் சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியின் தலையில் ஏற்றினான். வேகம் பாதியாகக் குறைந்தாலும் படம் ஓடியது. மூன்று நாள் ஒழுங்காக ஓடியது. நாலாம் நாள் பகல் பன்னிரண்டேகாலுக்கு, யாரோ மைக்ரோவேவில் சாதத்தைச் சூடு பண்ணினார்கள். இரண்டாவது அழைப்பு போயிற்று. சூடு பண்ணியது யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்க முடியாத நிலைமை.

பிறகு வந்ததுதான் மூன்று பெட்டிகள் கொண்ட புதுத் தொகுதி. "மூணும் ஒரு குடும்பம் மாதிரி சார், ஒண்ணோட ஒண்ணு தானா பேசிக்கும்" என்றாராம் கடைக்காரர். குடும்பம் என்றால் தானாகப் பேசிக்கொள்ளும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. ஒன்றைக் கூடத்தில் வைத்தான், ஒன்றைப் பின்னறையில் வைத்தான். நடுப் பெட்டியை நடைவழியில் ஆணியடித்து மாட்டினான். நடைவழியில் பிளக் கிடையாது. ஆகவே கூடத்திலிருந்து ஒரு நீட்டிப்பு ஒயரை இழுத்துக் கூடத்துக் கதவின் கீழ் வழியாகக் கொண்டுவந்தான். நன்றாகவே வேலை செய்தது, கூடத்துக் கதவை யாரும் சாத்தாத வரைக்கும். சாத்தினால் ஒயர் இழுபடும், பிளக் நழுவும்.

கூடத்துக் கதவைச் சாத்துபவர் அவளுடைய நாத்தனார்.

இதோடு விஷயத்துக்கு வந்துவிட்டோம். கணவனின் அக்காதான் நடு அறையில் இருப்பவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தையல் வேலை செய்கிறார். வீட்டில் பாதி அவர் பெயரில். துணி தைக்க வருகிற பெண்களுக்குக் கூடத்தில் வைத்துத்தான் அளவெடுப்பார். அளவெடுக்கும்போது கதவைச் சாத்துவார். எந்தப் பெண்பிள்ளைதான் கதவைத் திறந்து போட்டு அளவு கொடுப்பாள்? நடு அறை என்பது வீட்டுக்குச் சரியாக நடுவில் இருக்கிறது. கூடத்து ரவுட்டருக்கு ஒரு சுவர், பின்னறைக்கு ஒரு சுவர். முதல் ரிப்பீட்டரோடு வந்த காகிதத்தில் ஒரு படமே போட்டிருந்தார்கள். மூன்று அறை, நடு அறையில் பெட்டி, பக்கத்தில் பச்சையாக ஒரு சரி. கடைசி அறையில் பெட்டி, பக்கத்தில் சிவப்பாகத் தப்பு. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பி வைத்தாள். கணவனும் பார்த்திருப்பான். அவனுடைய நோட்டில் 'நடு அறை' என்ற வரிசைக்கு நேரே, தொந்தரவுக் கட்டத்தில், 'வேண்டாம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தான்.

எட்டு மாதமாக அவளும் நாத்தனாரும் பேசிக்கொள்வதில்லை. பெரிய சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் தேவலை. ஒரு நாள் அவள் மையத்திலிருந்து சீக்கிரம் வந்து நடைவழியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கூடத்துக்குள்ளே நாத்தனார் யாரோ ஒருத்திக்குத் தோள் அளவு எடுத்தபடி, "என் தம்பி பொண்டாட்டியா? காலைல போறா, சாயங்காலம் வரைக்கும் கையை ஆட்டுறா, வர்றா. அதுக்கும் சம்பளம் குடுக்கறாங்க பாரு" என்று சொல்ல, இருவரும் சிரித்தார்கள். அவ்வளவுதான். அவள் செருப்பைக் கையிலேயே தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் பின்னறைக்குப் போனாள். அன்றிலிருந்து நாத்தனார் ஏதாவது கேட்டால் தலையசைப்பாள், பதில் சொல்லமாட்டாள். ஒரு வாரம் பார்த்துவிட்டு நாத்தனாரும் கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு "உங்க அக்காகிட்ட சொல்லுங்க", "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு" என்று எல்லாம் பட்டியல் வழியாகத்தான். அவனோ இந்தப் பக்கம் சொன்னதில் பாதியை அந்தப் பக்கம் சேர்ப்பான், மீதியை 'எதற்கு வம்பு' என்று வழியிலேயே விட்டுவிடுவான்.

அந்த வியாழக்கிழமை மாலை அஞ்சு மணிக்கு அவன் வரச்சொல்லியிருந்த எலக்ட்ரீசியன் வந்தார். காதில் பென்சில் செருகியிருந்த, எதற்கும் பதறாத மனிதர். நடைவழியில் ஆணியில் தொங்கிய பெட்டியையும், கதவிடுக்கில் நசுங்கிய ஒயரையும் பார்த்துவிட்டு, பட்டியல் பக்கம் திரும்பினார்.

"இதை யாரு சார் மாட்டினது?"

"நான்தான்" என்றான் பட்டியல்.

"படிச்சவங்கதானே நீங்க?" என்று கேட்டார், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போல. "ரிப்பீட்டர்னா என்ன? முன்னாடி பேசறதைக் காதுல வாங்கிப் பின்னாடி இருக்கறவங்களுக்குச் சொல்றது. அதுக்கே சரியாக் காதுல விழாத எடத்துல உக்கார வச்சா, அது என்னத்தைச் சொல்லும்? அந்த நடு ரூம்ல வைங்க. இல்லாட்டி ரெண்டு ஓட்டை போட்டு ஒயரை அந்த ரூம் வழியா இழுத்துடறேன், அதைவிட நல்லது எதுவும் இல்லை. அரை மணி நேர வேலை."

"அந்த ரூம் வழியா வேணாம். வெளியில சுத்திக் கொண்டுவர முடியாதா?"

"வரலாம். மழைத்தண்ணி படாம குழாய் போடணும். பக்கத்து வீட்டுச் சுவரைத் தொடணும், அவங்ககிட்டக் கேக்கணும். ஒரு வாரம் ஆகும்." அவர் சாத்தியிருந்த நடு அறைக் கதவைப் பார்த்தார். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "பக்கத்து வீட்டுக்காரர்கிட்டக் கேப்பீங்க, இந்த ரூம்ல கேக்க மாட்டீங்களா?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றான் பட்டியல். எலக்ட்ரீசியன் பென்சிலைக் காதிலிருந்து எடுக்காமலேயே போய்விட்டார்.

அவர் தெருமுனை திரும்பும் வரை பொறுத்திருந்தாள். பிறகு கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை உங்க அக்காகிட்டக் கேளுங்களேன். உங்க கூடப் பொறந்தவங்கதானே?"

"நான் கேட்டா, ஏன் அவ வந்து கேக்க மாட்டாளான்னு கேப்பாங்க. அப்புறம் நான் உன்கிட்ட வந்து சொல்லணும். நீ ஒண்ணு சொல்லுவே. அதை நான் அங்க போய்ச் சொல்லணும்."

"அதனால என் வேலை போனாலும் பரவாயில்லை."

"அப்படியா சொன்னேன்? பிளக்கை டேப் போட்டு ஒட்டிடறேன். கதவைச் சாத்தினாலும் கழலாது." அவன் நோட்டை எடுத்து ஏதோ எழுதப்போனான்.

"அந்த நோட்டை என் கண்ணுல காட்டாதீங்க" என்றாள். அவனும் பாவம்தான். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு அவன்மேல் இரக்கப்படத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு அவன் பள்ளிக்கூடம் கிளம்பிப் போனான். போவதற்கு முன்னால் பிளக்கின் மேல் கறுப்பு டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றியிருந்தான். அவள் குளித்து, தலையை இழுத்துக் கட்டி, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டாள். கை தெளிவாகத் தெரிய உடை ஒரே நிறமாக இருக்க வேண்டும். ஒன்பது மணிக்குச் சோதனைப் பக்கத்தில் படம் தண்ணீர் போல ஓடியது. மருத்துவச் சொற்களை ஒரு முறை கையில் ஓட்டிப் பார்த்துக்கொண்டாள்.

ஒன்பது இருபதுக்கு வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. தைக்கக் கொடுக்க வந்தவர்கள். கூடத்துக் கதவு சாத்தப்படும் ஓசை. திரையில் அவள் கை நின்றது.

ஓடிப்போய்ப் பார்த்தாள். டேப் இருந்த இடத்தில் பத்திரமாக இருந்தது, பிளக் கழலவில்லை. ஒயர்தான் கதவிடுக்கில் நசுங்கி, தோல் பிய்ந்து, உள்ளே செம்பு தெரிந்தது. தொடக்கூடப் பயமாக இருந்தது. நடைவழியில் நின்றுகொண்டு மூடிய கதவையே பார்த்தாள். உள்ளே நாத்தனார் யாருக்கோ எண்கள் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு, பதினாலரை, கை நீளம் ஒன்பது. கண்காணிப்பாளருக்குப் போன் செய்து முடியாது என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். அரை மணி நேரத்துக்கு முன்னால் சொன்னாலும் அது அறுந்த அழைப்பு மாதிரிதான். அந்த அம்மாவுக்கு வேறு ஆள் கிடைக்க எத்தனை நாளாகுமோ, குழந்தையின் ஆபரேஷன் தள்ளிப்போகுமோ, அதுவும் தெரியாது.

ஒன்பதே முக்காலுக்குக் கூடத்துக் கதவு திறந்தது. இரண்டு பெண்கள் வெளியே போனார்கள். நாத்தனார் அவளைப் பார்க்காதது போலக் கடந்து நடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் நடுப் பெட்டியை ஆணியிலிருந்து பிடுங்கினாள். ஆணியும் சேர்ந்து வந்தது. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டினாள். எட்டு மாதத்தில் முதல் தடவை. தட்டிய பிறகுதான் பலமாகத் தட்டிவிட்டோம் என்று தெரிந்தது.

நாத்தனார் கதவைத் திறந்தார். கழுத்தில் அளவு நாடா. வாயில் வரிசையாகக் குண்டூசிகள்.

"பத்து மணிக்கு எனக்கு ஒரு கால் இருக்கு, அண்ணி" என்றாள். குரல் தானாக நடுங்கியது, அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "இதை உங்க ரூம்ல வைக்கணும். வேற எங்கயும் வேலை செய்யலை. இன்னிக்கு அறுந்துதுன்னா என்னை எடுத்துடுவாங்க."

நாத்தனார் வாயிலிருந்து குண்டூசியை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டில் கட்டியிருந்த சின்ன மெத்தையில் குத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு ஊசி. அவளுக்கு ஒவ்வொன்றையும் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

"எத்தனை மணி வரைக்கும்?"

"பதினோரு மணி ஆகலாம். கூடவும் ஆகலாம்."

நாத்தனார் திரும்பிப் போய் மெஷினின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். அந்த அறையில் அது ஒன்றுதான் பிளக். "வை" என்றார். மேசை மூலையில் இடம் இருந்தது. அவள் பெட்டியை வைத்தாள், செருகினாள், விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு வரும் வரை மூச்சுவிடாமல் நின்றாள். பச்சை வந்ததும் ஒன்றும் சொல்லாமல் பின்னறைக்கு ஓடினாள். நன்றி சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஒன்பது ஐம்பத்தாறு.

அழைப்பு வந்தது. திரையில் ஒரு பக்கம் மருத்துவர், ஒரு பக்கம் அந்த அம்மா. சின்ன வயசு. சேலையோ சட்டையோ, எதையும் கவனிக்கவில்லை, அவள் பார்த்ததெல்லாம் கைகளைத்தான். கைகள் ஒரு பிசிறு இல்லாமல் தெரிந்தன. நகத்தைக் கடித்துக் கடித்துச் சதை சிவந்திருந்ததுகூடத் தெரிந்தது.

மருத்துவர் சொன்னார், அவள் காட்டினாள். இதயத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது, எப்படி மூடுவார்கள், நெஞ்சில் தழும்பு எவ்வளவு நீளம். அந்த அம்மா எல்லாவற்றுக்கும் தலையசைத்தாள். பிறகு கேட்டாள்: இதயத்தை நிறுத்துவீர்களா?

"நிறுத்துவோம்" என்றார் மருத்துவர். "மெஷின் அதோட வேலையைச் செய்யும். நாப்பது நிமிஷம்."

அவள் காட்டினாள். அந்த அம்மாவின் கைகள் மடியில் விழுந்தன. பிறகு உயர்ந்து அதே கேள்வியைக் கேட்டன. மூன்று முறை கேட்டன. மூன்று முறையும் மருத்துவர் பொறுமையாகச் சொன்னார், மூன்று முறையும் அவள் காட்டினாள். நாலாவது முறை அந்த அம்மா, திரும்ப ஓட வைக்க யார் இருப்பார்கள், அவர் அந்த நாப்பது நிமிஷமும் அங்கேயேதான் இருப்பாரா என்று கேட்டாள். மருத்துவர், நான்தான் இருப்பேன், எங்கேயும் போக மாட்டேன் என்றார். அதைக் காட்டும்போது அவள் கை தடுமாறவில்லை. அந்த அம்மா வெகுநேரம் அவளுடைய கையையே பார்த்துவிட்டு, பேனாவை எடுத்தாள்.

பதினொன்று பத்துக்கு முடிந்தது. படம் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

லேப்டாப்பை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. இந்த ஒரு பிளக்குக்காகவா இத்தனை பாடு என்ற ஆத்திரம்தான் வந்தது.

வெளியே வந்தபோது நாத்தனார் நடைவழியில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, மெஷின் இல்லாததால், ஒரு பாவாடையின் ஓரத்தைக் கையால் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது, அண்ணி. ரொம்ப நன்றி."

"நன்றி எல்லாம் எதுக்கு." நாத்தனார் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த லைன்காரன் வந்தானே, புது நெட்டுப் போட. அன்னிக்கே சொல்லிட்டான். போனைப் பிடிச்சுக்கிட்டு வீடு பூரா நடந்தான். என் ரூமுக்குள்ள வந்து, அந்த மேசை மூலையைக் காட்டி, பின்னாடி ரூமுக்கு வேணும்னா பெட்டி இங்கதான் இருக்கணும்னான். நீ வேலைக்குப் போயிருந்தே."

அவள் அப்படியே நின்றாள். "இவருக்கும் தெரியுமா?"

"பக்கத்துல நின்னு கேட்டான். நோட்டுல எழுதினான்."

அந்த நோட்டின் கடைசிக் கட்டம் அவள் கண்முன் வந்தது. அவனிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஓடத் தொடங்கியது. அதைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்தாள்.

"அஞ்சு வாரமா நான் இங்க அல்லாடறதைப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீ வந்து கேப்பேன்னு பாத்தேன்."

"நான் எப்படிக் கேப்பேன்? நீங்க அன்னிக்கு..." அவள் நிறுத்திக்கொண்டாள்.

"தெரியும்" என்றார் நாத்தனார். "நீ செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் போறதைக் கதவிடுக்குல பாத்தேன். அப்பவே தெரியும், நீ கேட்டுட்டேன்னு." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "மன்னிப்புக் கேக்கணும்னு எத்தனையோ தடவை நெனச்சேன். வாய் வரலை. எனக்கு அது வராது, எங்க வீட்டுல யாருக்கும் வராது. லைன்காரன் சொன்ன அன்னிக்கே அந்த மூலையைக் காலி பண்ணிட்டேன். நூல் டப்பா, பட்டன் டப்பா எல்லாம் என் கட்டில்ல கிடக்கு. அஞ்சு வாரமா ஓரமாத்தான் படுக்கறேன்."

அவளுக்குப் பாவமாக இருந்தது. அதற்காக ஆத்திரம் அடங்கிவிடவில்லை. இரண்டும் சேர்ந்தே வந்தன.

"கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இடத்தைக் காலி பண்ணி வச்சா, எனக்கு எப்படி அண்ணி தெரியும்?"

நாத்தனார் யோசித்தார். "தெரியாதுதான்" என்றார்.

அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். கறுப்புச் சட்டையில் சுண்ணாம்பு ஒட்டியது, தட்டிவிடவில்லை. நானும்தான் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தேன் என்று சொன்னாள். நாத்தனார் எந்தக் காகிதம் என்று கேட்கவில்லை. பாவாடை ஓரத்தில் நாலு தையல் போட்டார். பிறகு கையை நிறுத்தினார்.

"ரெண்டு தடவை நடுவுல நின்னுபோச்சுன்னு தம்பி சொன்னான். அந்தப் பக்கம் இருந்தவங்க அப்புறம் எப்படிக் கேட்டுக்கிட்டாங்க?"

"தெரியாது, அண்ணி."

"வேற யாராவது வந்து சொல்லியிருப்பாங்கதானே?"

"எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. நாங்க கேக்கவும் கூடாது."

நாத்தனார் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மடியிலிருந்த துணியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவளும் எழுந்திருக்கவில்லை.